கீழ் வரிசை

பல்லைச் சுத்தம் செய்துகொண்டிருந்த மாணவி கருவியை வெளியே எடுத்த அந்த ஒரு நொடியில், நாற்காலியில் படுத்திருந்த சீனியம்மாளின் நாக்கு உள்ளே ஒரு நடை போய்விட்டு வந்தது.

கீழ்ப் பற்களுக்குப் பின்னால்.

அங்கே ஒரு சுவர் இருந்தது. வருடக்கணக்காக இருந்த சுவர்.

இப்போது இல்லை.

சீனியம்மாள் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"பல்லு போச்சு!"

அறை முழுக்கக் கேட்டது.

"நல்லாருந்த பல்ல ஒடச்சுப்புட்டா! நாக்க வச்சா ஓட்ட ஓட்டயா இருக்கு!"

தேர்வு அறை அது. சுத்தம் செய்துகொள்ள ஒருவரை மாணவிகள் தாங்களே அழைத்துவர வேண்டும். வந்தவர் பாதியில் எழுந்து போய்விட்டால் தேர்வும் அங்கேயே முடிந்துவிடும். மறுபடி எழுத ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

பக்கத்து நாற்காலிகளில் கருவிகளின் இரைச்சல் நின்றது.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் வரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, என்ன செய்கிறாள் பார்ப்போம் என்பதுபோல் நின்றார்.

அந்த மாணவிக்குக் குரல் சின்னது.

வேதியியல் பட்டம் வாங்கிய கல்லூரியில் அந்தக் குரலைக் கேட்டவர்கள் குறைவு. பல் சுகாதாரப் படிப்பில் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் அதிகம் பேச வேண்டியதில்லை என்று நினைத்திருந்தாள்.

சீனியம்மாளை அழைத்துவந்ததே பெரும்பாடு.

சீனியம்மாளுக்குக் கீழ மாசி வீதியில் மசாலாச் சரக்குக் கடை. ஒருநாள் சீனியம்மாள் வாய்விட்டுச் சிரித்தபோது, பற்களில் படிந்து இறுகியிருந்த காரையை மாணவி பார்த்துவிட்டாள். தேர்வுக்கு வருவீர்களா என்று கேட்கப் போனாள். கேட்க வாய் வரவில்லை. தொண்டையைச் செருமினாள்.

"மழக்காலமில்ல, அப்படித்தான் சளி கட்டும்" என்று சீனியம்மாள் ஒரு துண்டு அதிமதுரத்தைக் கையில் வைத்தாள்.

மறுநாளும் போனாள். சித்தரத்தை கிடைத்தது.

அதற்கடுத்த முறை சீனியம்மாள் சரக்கு எதையும் எடுக்கவில்லை.

"ஒனக்கு இருக்கிறது சளி இல்ல பாப்பா. மனசில என்னமோ இருக்கு. பையன் யாரு?"

அப்போதுதான், "உங்க பல்லு" என்றாள்.

அந்தக் கடையில் எல்லாப் பருவத்துக்கும் சரக்கு உண்டு. அடைமழைக்குச் சுக்கும் மிளகும். பனிக்குத் திப்பிலி. கத்திரி வெயிலுக்குச் சீரகமும் வெந்தயமும்.

ஈறு வலிக்குக் கிராம்பு. அதற்குப் பருவம் கிடையாது.

கிராம்பு சீனியம்மாளின் வலியை மரத்துப்போக வைத்தது. காரை தன் போக்கில் வளர்ந்தது.

இப்போது சீனியம்மாள் கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா."

மாணவி கூப்பிட்டது முகக்கவசத்தைத் தாண்டவில்லை.

கவசத்தைக் கீழே இழுத்தாள்.

"அம்மா!"

தேர்வாளர்கூட நிமிர்ந்தார்.

"கடைக்கு மல்லி மூட்டை வருதுல்ல, அத அப்படியேவா விக்கிறீங்க?"

சீனியம்மாளின் கை முடிச்சிலேயே நின்றது. வியாபாரத்தைப் பற்றிக் கேட்டால் எந்த நிலையிலும் பதில் வந்துவிடும்.

"சலிச்சுத்தான்."

"சலிச்சா எடை எறங்குமா?"

"எறங்காம?"

"மல்லியா கொறஞ்சுச்சு?"

"மல்லி எப்படிக் கொறயும்? கல்லும் மண்ணும்..."

சீனியம்மாளின் நாக்கு மறுபடி கீழ்ப் பற்களுக்குப் பின்னால் போனது.

மாணவி கைக்கண்ணாடியை நீட்டினாள்.

சீனியம்மாள் வாயைக் கோணலாக இழுத்துப் பார்த்தாள். விளக்குக்கு நேராகத் திரும்பிப் பார்த்தாள். சுண்டுவிரல் நகத்தால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டாள். எல்லாம் இருந்தன. ஒன்றோடொன்று ஒட்டாமல், தனித்தனியாக.

"அப்ப இம்புட்டு நாளா வாயில கல்ல வச்சுக்கிட்டா யாவாரம் பாத்தேன்?"

பக்கத்து நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்தவர் சிரிக்கப் போய் இருமினார்.

"சுத்தம் பண்ணுனா பல்லு ஆடிரும்னு சொல்றாகளே, பாப்பா?"

"காரைதான் ஆட வைக்கும். இனிமே கொஞ்ச நாளைக்குப் பச்சத்தண்ணி கூசும். கூசுதுன்னு கிராம்ப அமுக்கி வைக்காதீங்க. என்கிட்ட வாங்க."

என்கிட்ட வாங்க.

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்குத் தெரிந்தது. நன்றாக இருந்தது.

சீனியம்மாள் துணியை மறுபடி கட்டிக்கொண்டாள். படுத்தாள். கண்ணை இறுக மூடி, வாயைத் திறந்தாள்.

கருவி பாடத் தொடங்கியது.

தண்ணீர் சிதறியது. காரை சின்னச் சின்னச் சில்லுகளாக உதிர்ந்தது. ஈறு எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே அழுத்தக் கூடாது என்று விரலுக்குத் தெரிந்திருந்தது.

முடித்ததும் தேர்வாளர் வந்தார். மெல்லிய கம்பியைக் கீழ்ப் பற்களுக்குப் பின்னால் ஓட்டிப் பார்த்தார்.

எங்கேயும் தட்டவில்லை.

இன்னொரு முறை ஓட்டினார். தலையை அசைத்தார்.

"கீழ் வரிசைதான் தேர்வுக்கு. நல்லாப் பண்ணியிருக்க. போதும்மா, நீங்க எந்திரிக்கலாம்."

சீனியம்மாள் எழுந்திருக்கவில்லை. திறந்த வாயோடு, ஒரு விரலால் மேல் வரிசையைக் காட்டினாள்.

தேர்வாளர் மாணவியைப் பார்த்தார்.

"அதுக்கு மார்க் கிடையாது."

"தெரியும் சார். நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் நின்னுக்கிறீங்களா? வெளிச்சம் மறைக்குது."