இருபத்தோராவது வளையம்

“ஏன் சுகுணா, நாற்பது வரைக்கும் எண்ணத் தெரியாதா உனக்கு?”

டெல்சி டீச்சர் கேட்டதும் எட்டாம் வகுப்பே சிரித்தது. கணக்கில் எப்போதும் முதலாவதாக வருகிற பெண்ணைப் பார்த்து இப்படிக் கேட்டால் சிரிக்காமல் என்ன செய்யும்?

கோடை விடுமுறைக்கு முந்தைய நாள். லீவு முடிந்து பிள்ளைகள் ஆசையாகத் திரும்பி வரவேண்டும் என்று டீச்சர் ஒரு கைவேலை கொடுத்திருந்தார். கலர் பேப்பரை நாடாவாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றாக வளையம் ஒட்டிச் சங்கிலி செய்யவேண்டும். லீவு நாற்பது நாள், வளையமும் நாற்பது. வீட்டில் ஆணியில் மாட்டி, தினமும் காலையில் அடியிலிருந்து ஒன்றைக் கிழிக்கவேண்டும். எல்லாம் தீர்ந்தால் பள்ளிக்கூடம்.

“கடைசியா கிழிக்கப்போற வளையத்துக்கு உள்பக்கம் எனக்கு ஒரு வரி எழுதுங்க. மனசுல இருக்கறதை எழுதணும். நான் படிச்சுப் பார்ப்பேன்” என்றும் சொல்லியிருந்தார்.

ரெக்ஸ், ‘லீவிலும் சத்துணவில் முட்டை போடவும்’ என்று எழுதியிருந்தான். ஹரீஷ்குமார், ‘ஒன்பதாம் வகுப்புக்கும் நீங்களே வரவும்’ என்று எழுதியிருந்தான். டீச்சருக்கு ஒரே சந்தோஷம்.

சுகுணாவின் சங்கிலியில் மட்டும் இருபத்தோரு வளையம்தான்.

“பேப்பர் தீர்ந்துபோச்சா?”

“இல்ல டீச்சர்.”

“அப்புறம்? சோம்பேறித்தனமா?”

“எனக்கு இவ்வளவுதான் டீச்சர்.”

“ஊருக்கெல்லாம் நாற்பது நாள், உனக்கு மட்டும் தனி லீவா?”

மறுபடியும் சிரிப்பு.

“உள்ள எழுதியிருக்கேன் டீச்சர். நீங்க...”

“அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.”

அப்புறம் பார்க்க எங்கே நேரம்? மூன்று மணிக்குள் போட்டோ எடுத்து ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாகவேண்டும். முப்பத்திரண்டு பிள்ளைகள் சங்கிலியைத் தூக்கிப் பிடித்து நிற்கும்போது நடுவில் ஒன்று மட்டும் குட்டையாகத் தொங்கினால் கண்ணை உறுத்தும். டீச்சரே உட்கார்ந்து, மிச்சமிருந்த தங்கக் கலர் பேப்பரை வெட்டி, சுகுணாவின் கடைசி வளையத்தில் கோத்து, மளமளவென்று பத்தொன்பது வளையம் ஒட்டினார். நல்ல மனசுதான், அதில் குறை சொல்வதற்கில்லை.

“இப்பப் பாரு! தங்கக் கலர் மேல வர்ற மாதிரி மாட்டு, அழகா இருக்கும். எங்கே, சிரி.”

சுகுணா சிரித்தாள். போட்டோவும் நன்றாகவே வந்தது.

வாசலில் அவள் அப்பா தீர்த்தகிரி எக்ஸ்எல் வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். சுகுணா இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போய் ஏறிக்கொண்டாள். டீச்சர் கவனிக்கவில்லை. வாட்ஸ்அப்பில் வாழ்த்துகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. முப்பத்தோரு பேர் வந்தார்கள்.

நாலாம் நாளும் சுகுணாவைக் காணோம் என்றதும், டீச்சர் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நாகரசம்பட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த அவள் வீட்டுக்கே போனார். அம்மா வெங்கடம்மாள் மாங்கூழ் கம்பெனி வேலைக்குக் கிளம்பி நின்றாள். கையெல்லாம் மாம்பால் பட்ட புண்.

“சுகுணா எங்கம்மா? உடம்பு சரியில்லையா?”

“அவளைக் கட்டிக் குடுத்துட்டோம் டீச்சர்.”

“என்னது?”

“என் தம்பிக்குத்தான். ஓசூர்ல கம்பெனி வேல. இங்க பண்ணா யாராவது போன் போட்டுடுவாங்கன்னு, பார்டருக்கு அந்தாண்ட கூட்டிக்கினு போயி, விடியறதுக்கு முன்னயே கோயில்ல தாலி கட்டியாச்சு.”

“பதிமூணு வயசும்மா அவளுக்கு!”

“சீசன்ல நாங்க ரெண்டு பேரும் ராவும் பகலும் வேலைக்குப் போயிடறோம். வயசுக்கு வந்த புள்ளய யாரை நம்பி வுட்டுட்டுப் போறது?”

டீச்சருக்குக் கோபத்தில் வார்த்தை தடித்தது.

“பெத்தவங்கதானா நீங்க? மனசாட்சின்னு ஒண்ணு இல்லையா? நல்லாப் படிக்கற பொண்ணு வாழ்க்கையை இப்படி நாசம் பண்ணிட்டீங்களே!”

வெங்கடம்மாள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“சரி, நீங்கதான் மறைச்சீங்க. அவளுக்கு வாய் இல்லையா? என்கிட்ட ஒரு வரி, ஒரே ஒரு வரி சொல்லியிருந்தா நான் வந்து நிறுத்தியிருப்பேனே!”

வெங்கடம்மாள் சுவரைக் காட்டினாள்.

“அதை மட்டும் தொடக்கூடாதுன்னுட்டா டீச்சர். நீங்க வந்தா உங்க கையில குடுக்கச் சொன்னா. எனக்குப் படிக்கத் தெரியாது.”

ஆணியில் சங்கிலி தொங்கியது. மேலே டீச்சர் ஒட்டிய தங்க வளையங்கள் பத்தொன்பதும் கசங்காமல் அப்படியே இருந்தன. அடியில் ஒரே ஒரு ரோஸ் வளையம். அதற்கு முந்தைய இருபதையும் நாளுக்கு ஒன்றாகக் கிழித்திருக்கிறாள்.

டீச்சர் ரோஸ் வளையத்தைத் திருப்பி உள்பக்கம் பார்த்தார். குண்டு குண்டான எழுத்தில், பென்சிலால் எழுதியிருந்தது:

‘டீச்சர், இந்த வளையத்தைக் கிழிக்கிற அன்னிக்கு எனக்குக் கல்யாணம். நீங்க வந்து சொன்னா அப்பா கேப்பாரு.’