துணியில் சுற்றிய கல்

பிள்ளைகளில் ஒருவன் தன் அரியணையைப் பறிப்பான் என்று பயந்து, தேவர்களின் அரசன் குரோனோஸ் ஐந்து குழந்தைகளையும் பிறந்த கையோடு விழுங்கியிருந்தான். ஆறாவது மகனை அவன் மனைவி ரேயா மலைக்குகையில் ஒளித்துவிட்டு, ஒரு கல்லைத் துணியில் சுற்றி எடுத்துவந்தாள்.

"யார் ஜாடை?" என்றான்.

"உங்க ஜாடைதான்."

அவன் துணியை விலக்கிப் பார்க்கவில்லை. அப்படியே விழுங்கிவிட்டு இளவெயிலில் படுத்துத் தூங்கிப்போனான். ரேயாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அவன் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சிறுமியின் குரல் கேட்டது. பேசியவள் மூத்தவள்; ஐந்து பேருமே உள்ளே வளர்ந்து பெரியவர்களாகியிருந்தார்கள்.

"அழாதே தம்பி. அக்கா இருக்கேன்ல."

அது கல் என்று மகளிடம் சொல்ல ரேயா குனிந்தாள். கணவன் விழித்துவிடுவானே என்று வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே, ஒரு பச்சைக்குழந்தையின் விசும்பல் மெல்ல அடங்கியது.