மங்களூர்க் கிருமி

ஒரு சாண் மதில் இடத்துக்காக அருளப்பன் தன் அண்ணன் மிக்கேலோடு பேச்சை நிறுத்திப் பதினோரு வருஷமாகிறது. அண்ணன் வீட்டுப் பச்சைத் தண்ணீர்கூடத் தன் வீட்டில் யார் தொண்டையிலும் இறங்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அதனால்தான் அவருக்கும் மனைவி செலினுக்கும் வயிற்றுப்புண் பரிசோதனை செய்ய வீட்டுக்கு வந்த நர்ஸ் பிரமிளா, கிருமியின் பரம்பரையைப் படிக்கும் கருவியைப் பார்த்துச் சொன்னதும் அவருக்கு மீசை துடித்தது.

"அண்ணாச்சி, ஒங்க ரெண்டு பேரு வயித்துலயும் இருக்கது மங்களூர் வகைக் கிருமி. தூத்துக்குடியில ஒங்கள விட்டா இது இன்னும் ஒரே ஒரு வீட்டுலதான் இருக்கு."

எந்த வீடு என்று சொல்லவா வேண்டும்? அண்ணி ஜெசிந்தா மங்களூர்க்காரி.

"ஏட்டி செலின்! எனக்குத் தெரியாம அங்க போயித் தின்னுட்டு வந்திருக்கியா?"

செலின் மாதா மேல் சத்தியம் செய்தாள்.

"சத்தியம் எதுக்கு?" அருளப்பன் நர்ஸ் பக்கம் திரும்பினார். "யாரு மூலமா உள்ள வந்துச்சுன்னு கிருமியே சொல்லட்டும். பாரு தாயி!"

பிரமிளா கருவியின் திரையில் கிருமியின் வம்சாவளியை விரித்தாள். "ஜெசிந்தா அக்காட்ட இருந்து ஒங்களுக்கு வந்திருக்கு, அண்ணாச்சி. ஒங்ககிட்ட இருந்துதான் இவுகளுக்கு. ஆறு வருஷம் இருக்கும்."

அருளப்பன் சுவரில் தொங்கிய காலண்டரை அக்கறையாகப் படிக்கத் தொடங்கினார்.

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்து பசிக்கலன்னு சொன்னதெல்லாம் இதுக்குத்தானா?" செலின் காலண்டருக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "கிருமியக் கொண்டாந்து குடுக்கத் தெரிஞ்ச மனுசனுக்கு, ஒரு தூக்குச்சட்டியில ஜெசிந்தா அக்கா வைக்கிற அந்த மீன்கொழம்ப எனக்கும் கொண்டாரத் தெரியலையே!"