மார்ச் பதினான்காம் தாள்

சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். சிவகாசி அச்சகமொன்றில் அடுத்த வருடத்துத் தினசரி காலண்டருக்குப் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்ச் பதினான்கின் ‘வரலாற்றில் இன்று’ பகுதியில், விஸ்வநத்தம் பட்டாசு ஆலை விபத்தில் ஏழு பேர் பலி என்றிருந்தது. விபத்து நடந்த ஆண்டாகவும் அடுத்த வருடமே போட்டிருந்தது. அந்த வரியை அடித்துவிட்டேன். மறு புரூப்பிலும் இருந்தது.

“ஏலே, புரூப் பாக்கியா, குறி சொல்லுதியா? மிஷின ஓட்டச் சொல்லு,” என்றார் முதலாளி.

பைண்டிங்கில் இருந்த இருளம்மாள் தாளைப் படித்தாள். அவள் மகள் பானுப்பிரியாவுக்கு அந்த ஊர் ஆலையில்தான் வேலை.

“அன்னைக்கு அவள விடமாட்டேன் சார். லீவு போட்டா வேலைய விட்டு நிப்பாட்டிருவாக. அவளுக்கு மாத்தாளா நான் போயிக்கிடுதேன்.”

அந்த மார்ச் பதினான்கில் இருளம்மாளையும் சேர்த்து ஏழு பேர் இறந்தார்கள். பானுப்பிரியா இப்போது எங்கள் பைண்டிங்கில் இருக்கிறாள். என்னோடு பேசுவதில்லை. முதலாளி நலமாக இருக்கிறார்.