உரத்து வாசி, பிள்ளை

“எனக்குக் காது மந்தம், பிள்ளை. உரத்து வாசி” என்றார் சறோஜினிதேவி.

வினோஜா வயலினுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டே தலையாட்டினாள். நயினாதீவில் அந்த வீட்டுக்கு அவள் வருவது இது ஏழாவது தடவை. ஏழு தடவையும் இதே பேச்சுத்தான்.

வீட்டைவிட்டு வெளியே போக முடியாதவர்களிடம் சங்கீதத்தைக் கொண்டுபோவது அவளுடைய குழுவின் வேலை. குழு என்றால் வயலினுக்கு அவள், மிருதங்கத்துக்குச் சுலக்சன், அவ்வளவுதான். காசு வெளிநாட்டிலிருந்து வரும். தகப்பனின் திவசத்துக்கென்று ஒருவர் தருவார், குழு போடும் வீடியோவில் தன் பெயர் வரவேண்டுமென்று இன்னொருவர் தருவார்.

சங்கீதத்துக்காகவே கொடுத்தவர் இந்த ஒரு மனுசிதான் என்று வினோஜா நம்பினாள். பாரிசவாதத்தில் ஒரு பக்கம் இழுத்து, இரண்டு வருடமாகக் கட்டிலில் கிடப்பவர். போன மாதம் கையில் கிடந்த தங்கக் காப்பைக் கழற்றிக் கொடுத்து, மாதத்துக்கு ஒருமுறை வந்தவர்களைக் கிழமைக்கு ஒருமுறை வரச்சொன்னார்.

“ஏன் குடுத்தனீங்கள் எண்டு ஒரு வரி சொல்லுங்கோ அன்ரி. லண்டன்ல காசு தாறவைக்கு அனுப்பவேணும்.”

“பாட்டுக் கேட்டா நோவு தெரியாது எண்டு போடு” என்றார் அவர். சொல்லிவிட்டுக் காதைச் சரித்தார். “யோகம்மா வாறாள். படலையடியில செருப்புக் கழட்டுறாள்.”

சுலக்சனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு யோகம்மா வந்தார். கட்டிலோரம் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

“என்னடி, முகம் வாடிக் கிடக்கு? மருந்து குடிச்சனியோ?”

“அம்மா காலமையே குடிச்சிட்டா மாமி. நான் பாத்தனான்.”

பதில் சுவர் மூலையில் இருந்த கமராவிலிருந்து வந்தது. சுவிசில் இருக்கிற மகன் நிசாந்தனின் குரல். போன வருடம் யோகம்மா அதன்மேல் ஒரு துவாயைப் போட, பத்து நிமிடத்தில் ஊர் அதிகாரியான விதானையார், மகன் போனில் சொல்லி, வாசலில் வந்து நின்றாராம்.

“தங்கச்சி, இந்த மாசத்தோட காணும், நிப்பாட்டுங்கோ” என்றான் நிசாந்தன் வினோஜாவிடம். “ அது அம்மான்ர கலியாணக் காப்பு. கட்டில்ல கிடக்கிற மனுசிக்கு என்னத்துக்குக் கிழமைக்கொரு கச்சேரி?”

இந்த வீடும் போனால் குழு இல்லை. குறிகட்டுவானில் படகு ஏற வேண்டியதில்லை. புடவைக்கடையில் நிற்கப் போகவேண்டியதுதான்.

“நிப்பாட்டாதை ராசா” என்றார் சறோஜினிதேவி. “எனக்கு இது ஒண்டுதான் கிடக்கு.”

“உண்மையா ரசிக்கிறியளோ எண்டு பாக்கிறன். பாத்திட்டுச் சொல்லுறன்.”

வினோஜா வாசித்தாள். மேடையில்கூட அப்படி வாசித்ததில்லை. மனுசியின் முகத்தில் அது தெரிகிறதா என்று நிமிர்ந்து பார்த்தாள்.

யோகம்மா கமராவுக்கு முதுகைக் காட்டி, கட்டிலுக்குமேல் குனிந்திருந்தார். சறோஜினிதேவியின் நல்ல கை மட்டும் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. தாளம் பிழை. தாளம் என்று சொல்லவே ஏலாது.

யோகம்மாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார். கோணிப்போன வாயால் சறோஜினிதேவியும் சிரித்தார்.

வினோஜாவுக்குப் பத்திக்கொண்டு வந்தது. இதற்கா காலமை ஐந்து மணிக்கு எழும்பி, பஸ்சும் படகும் ஏறி வந்தது? வேண்டுமென்றே வில்லின் அழுத்தத்தைக் குறைத்து, ராகத்தை மெல்ல இழைத்தாள். கட்டிலடியில் இரண்டு வாயும் உடனே அடங்கின.

“உரத்து, பிள்ளை!” என்று அதட்டல் வந்தது.

“அம்மா நல்லாத்தான் ரசிக்கிறா போல” என்றது கமரா.

சுலக்சன் தனி ஆவர்த்தனத்துக்குத் தயாரானான். இனிப் பத்து நிமிடத்துக்கு வயலினுக்கு வேலையில்லை. அறை மிருதங்கத்தில் அதிர, வினோஜா கட்டிலடிக்குப் போய்க் குனிந்தாள்.

“அன்ரி, நீங்கள் ஒரு சொட்டும் கேக்கேல்லை. பிறகென்னத்துக்குக் காப்பைக் கழட்டித் தந்தனீங்கள்?”

சறோஜினிதேவியின் கை தாளத்தை விடவில்லை.

“இந்தச் சத்தம் இல்லாட்டி, நாங்கள் கதைக்கிறதெல்லாம் மகனுக்குக் கேக்கும், பிள்ளை.”