தனி வரிசை

“எம் புள்ளையத் தனியா உக்கார வெச்சிருக்கீங்க. அதைக் கேக்கத்தான் வந்தேன்” என்றார் வேலன்.

நொய்யல் அலை எஃப்.எம். மேனேஜர் தம்பிதுரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. “யாரைங்க உக்கார வெச்சோம்? மொதல்ல நீங்க உக்காருங்க.”

வேலன் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து மனுவை எடுத்து மேசைமேல் வைத்தார். சிங்காநல்லூரில் பஸ் ஏறியதிலிருந்து வியர்த்த வியர்வையில் தாளின் ஓரம் நனைந்திருந்தது.

அவர் மகள் கிருபாவும் மூன்று சிநேகிதர்களும் தமிழில் ரெகே பாடுகிறார்கள். ஜமைக்காவில் கரும்புத் தோட்டத்து அடிமைகளின் வம்சம் உண்டாக்கிய பாட்டு அது என்று அவள் சொன்ன அன்றே வேலனுக்கு அது சொந்தப் பாட்டாகிவிட்டது. அவருடைய அப்பனும் கரும்பு வெட்டியவர்தான்.

கிருபாவின் பாட்டு மூன்று வாரமாக இந்த எஃப்.எம்.மில் ஞாயிறு மாலை வருகிறது. நான்காவது வாரமும் வந்தால் கொச்சியில் ஒரு மேடைக்குக் கூப்பிடுவார்களாம். அந்தக் கவலையில் அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை.

வேலனின் கவலை வேறு. நேற்றுத்தான் நிலையத்தின் பட்டியலைப் போனில் பார்த்தார். ‘இந்த வார முதல் இருபது’ என்று மேலே ஒரு வரிசை. அத்தனையும் சினிமாப் பாட்டு. அதற்கும் அடியில் ‘ரெகே – முதல் ஐந்து’ என்று இன்னொரு வரிசை. மகளின் பாட்டு அங்கே இருந்தது.

ஒதுக்குப்புறத்தில் முதல் இடம். கொச்சிக்காரன் எந்த வரிசையைப் பார்ப்பான், மேலே உள்ளதைத்தானே? இரவோடு இரவாக வேலன் மனு எழுதினார். கிருபாவிடம் சொல்லவில்லை. சொன்னால் போக விடமாட்டாள்.

“தனின்னா என்னன்னு எனக்குத் தெரியுமுங்க” என்றார். “பொள்ளாச்சிப் பக்கம் ஒரு டீக்கடையில எங்களுக்குத் தனி டம்ளர் வெச்சிருந்தான். அதை ஒடச்சுப்போட்டு ஆறு நாள் லாக்கப்புல கெடந்தவன் நான்.”

பட்டியல் தயாரிக்கும் லோகப்பிரியா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். “ஐயா, இது அப்படியில்லீங்க. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா...”

“அம்மணிக்கு எந்த ஊரு?”

“காங்கேயம் பக்கமுங்க.”

“தோட்டங்காடெல்லாம் உண்டா?”

“இருக்குதுங்க.”

“அப்ப ஆளைத் தனியா வெக்கறது பழகினதுதான். நீங்க பேசாதீங்க.”

அவள் முகம் சுருங்கிப்போனது.

தம்பிதுரை மனுவை இரண்டு தரம் படித்தார். வேலன் அவர் முகத்தையே பார்த்தார். கோபப்பட்டுப் பாட்டையே நிறுத்திவிட்டால்? கிருபாவுக்கு என்ன பதில் சொல்வது?

டீ வந்தது. மேனேஜருக்கும் அவருக்கும் ஒரே மாதிரிக் கோப்பை. எங்கே போனாலும் வேலனின் கண் முதலில் அதைத்தான் பார்க்கும்.

“நீங்க சொல்றது நூத்துக்கு நூறு நியாயமுங்க” என்றார் தம்பிதுரை. “இனிமே ஒரே வரிசைதான். எல்லாப் பாட்டும் சமம். தேதி போட்டு ஒரு கையெழுத்து மட்டும் வெச்சுக் குடுங்க.”

இவ்வளவு சுலபமாகவா? வாசலில் நாள் கணக்கில் குந்தியிருக்காமல் வேலன் இதுவரை எதையும் வாங்கியதில்லை. நல்ல மனுசன் என்று நினைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

“சார், வேண்டாங்க” என்றாள் லோகப்பிரியா.

“அவரே கேக்கறாரு. உனக்கு என்ன?” என்றார் தம்பிதுரை.

வேலன் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிறு மாலை ஆறு மணி. கிருபா ரேடியோவுக்கு முன்னால் நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வேலன் எதிரே, தெரிந்தும் தெரியாதவர்போல.

இருபதாவது பாட்டு வந்தது. பத்தாவது வந்தது. ஒன்றாவதும் வந்தது. எல்லாம் சினிமா. பிறகு பம்ப்செட் விளம்பரம். பிறகு வேறு நிகழ்ச்சி.

கிருபா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது அழவில்லை. அதுதான் வேலனைப் பயமுறுத்தியது.

“அந்தச் சின்ன வரிசைய எடுத்துட்டாங்களாம்ப்பா.”

“அதனால என்ன கண்ணு? பெரிய வரிசையில வரும்.”

“அதுல நுழைய நேயருங்க ஓட்டு லட்சம் வேணும். எங்களுக்கு விழறது எழுநூறு. வரிசையில இல்லாத பாட்டைப் போடவே மாட்டாங்க. கொச்சிக்காரங்க பாத்துட்டிருந்ததும் அந்தச் சின்ன வரிசையத்தான்.”

வேலன் ரேடியோவை அணைத்தார். “யாரு சொன்னது?”

“லோகப்பிரியா அக்கா. அதை ஆரம்பிச்சதே அவங்கதான். ‘இதைத் தூக்கு, சினிமாவுக்கு நேரம் பத்தலை’ன்னு மேனேஜர் ஆறு மாசமா நெருக்கியும் விடாம வெச்சிருந்தாங்க. இப்ப யாரோ ஒருத்தர் சமத்துவம் வேணும்னு மனு எழுதிக் குடுத்துட்டாராம். மேனேஜருக்கு வேற என்ன வேணும்?”

“யாருன்னு... சொன்னாங்களா?”

“கேட்டேன். ‘நல்ல மனுசருங்க, பேரு எதுக்கு’ன்னு போனை வெச்சுட்டாங்க.”

கிருபா உள்ளே போய் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்து வந்து அப்பாவின் முன்னால் வைத்தாள்.

“அவரு எவ்வளவு பெரிய மனுசனா வேணா இருக்கட்டும். அவரை எதுத்து நீங்க ஒரு மனு எழுதுங்கப்பா.”