கயிற்றுக்கு இந்தப் பக்கம்

"கயித்தத் தாண்டாதீங்கம்மா. தள்ளி நில்லுங்க."

சரோஜம்மாள் தூக்கிய காலை அப்படியே நிறுத்தினாள். கையில் தாம்பாளம். அதில் வெற்றிலை பாக்கு, ஒரு முழம் மல்லிகை, மேலே மகள் சுஜாதாவின் கல்யாணப் பத்திரிகை. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது.

"யாரைப் பாத்துத் தள்ளி நிக்கச் சொல்றே? இது எங்க சாமி!"

"தெரியும்மா" என்றாள் அந்தப் பெண். கழுத்தில் அடையாள அட்டை, கண்ணாடி, கையில் ஒரு சின்னத் தூரிகை. இந்த அருங்காட்சியகத்துக்கு அவள்தான் அதிகாரி என்று வாசலில் சொல்லியிருந்தார்கள். முப்பது வயதுகூட இருக்காது.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் வேடியப்பன் நின்றிருந்தார். ஓங்கிய வாள், இடுப்பில் குறுவாள், காலடியில் ஒரு மாடு. அவர்களுடைய சூளகிரிப் பக்கத்து நிலம் கம்பெனிக்குப் போனபோது, வரப்போரம் காலங்காலமாக நின்ற அந்த நடுகல்லை லாரியில் ஏற்றி ஓசூருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வேப்பமர நிழலில் இருந்தவருக்கு இப்போது தலைக்கு மேல் டியூப் லைட். நெற்றியில் குங்குமம் இல்லை. காலடியில் 'தொடாதீர்கள்' என்று ஒரு அட்டை.

"விடு சரோஜா. இங்கிருந்தே கும்பிட்டுட்டுக் கெளம்பலாம்" என்றார் கணவர் சின்னராஜ். அவர் அங்கே வைத்திருந்த பழைய செக்கு ஒன்றைப் பார்ப்பதுபோல நாலு அடி தள்ளியே நின்றுகொண்டார்.

"இங்கிருந்தா? நல்லாருக்குது நீங்க சொல்றது! மொதப் பத்திரிகை வேடியப்பன் காலடிக்குப் போகாம நம்ம வீட்ல எந்தக் கல்யாணம் நடந்திருக்குது? எம்பொண்ணு கல்யாணத்துக்கு மட்டும் சாமிய வேடிக்கை பாத்துட்டுப் போவணுமா?"

சரோஜம்மாள் குரலைத் தாழ்த்தி, வீட்டில் பேசும் தெலுங்கில் அவரிடம் பொரிந்தாள். இவள் மதுரையோ தஞ்சாவூரோ, எங்கிருந்தோ வேலைக்கு வந்தவள், இந்தச் சாமியின் அருமை இவளுக்கு எங்கே தெரியப் போகிறது என்றாள்.

"நானும் இந்தப் பக்கத்துக்காரிதாம்மா" என்று அந்தப் பெண் தெலுங்கிலேயே சொன்னாள்.

சரோஜம்மாளுக்குச் சுருக்கென்றது. ஆனால் கோபம் இறங்கவில்லை.

"இந்தப் பக்கத்துக்காரின்னா உனக்கே தெரிஞ்சிருக்கணும். சாமின்னா தொட்டுக் கும்பிடணும். மஞ்சத் தண்ணி ஊத்தணும், பூ வெக்கணும். பொறம்போக்கு மாதிரி எட்ட நின்னு கையெடுத்தா அது கும்பிடறதா? மனசு ஆறுமா? நீயே சொல்லு."

அந்தப் பெண் தூரிகையின் முனையை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"எங்க நெலத்துல இருந்தப்ப யாரையாவது வேணாம்னு சொல்லியிருக்கோமா? ஏங்க, நீங்களே சொல்லுங்க. நம்ம நெலத்துல வேலை செஞ்சாளே மாரம்மா, அவகூட வருசா வருசம் தட்டு கொண்டாருவா. வரப்புல வெச்சிட்டுத் தள்ளி நிப்பா. நானே தண்ணி தெளிச்சு எடுத்துட்டுப் போயி சாமி காலடியில வெப்பன். ஒரு வருசம் மறுத்திருப்பனா? அந்த மாதிரி எல்லாரையும் அனுசரிச்ச குடும்பம் எங்களுது. எங்களுக்கே இன்னிக்கு கயிறு கட்டறீங்க!"

வெளியே பெங்களூர் ரோட்டில் லாரிகள் போகும் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் வேடியப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

"மஞ்சளும் எண்ணெயும் பட்டா கல்லு அரிச்சிடும்மா, அதான் கயிறு" என்றாள் கடைசியில். "பத்திரிகைய மட்டும் வெக்கலாம். ஆனா நீங்க உள்ள வரக்கூடாது. நான் வெக்கிறேன்."

சரோஜம்மாள் கணவரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். வேறு வழி? தன் மகளின் பத்திரிகையைத் தன் சாமிக்கு வேறொருத்தி வைக்கப் போகிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு தாம்பாளத்தைக் கயிற்றுக்கு மேலே நீட்டினாள்.

அந்தப் பெண் கையை நீட்டவில்லை.

"அங்கயே கீழ வெச்சிட்டுத் தள்ளி நில்லுங்கம்மா. நான் எடுத்துக்கறேன்."

"என்னாது?" சரோஜம்மாள் நீட்டிய தாம்பாளத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "கையில வாங்கினா என்னா கொறைஞ்சா போயிடுவே? நாங்க என்னா தீண்டத்தகாதவங்களா? பாத்தீங்களா இவ திமிர!"

"சரோஜா, வெச்சிட்டு வா" என்றார் சின்னராஜ். அவர் அந்தப் பெண்ணின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரோஜம்மாள் குனிந்தாள். முட்டி வலித்தது. தாம்பாளத்தைத் தரையில் வைத்துவிட்டு, கண்ணில் நீர் முட்ட, இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள். இப்படி ஒரு அவமானம் அவளுக்கு ஆயுசில் நேர்ந்ததில்லை.

அந்தப் பெண் வந்து, பத்திரிகையை இரண்டு கையாலும் எடுத்தாள். வேடியப்பனின் காலடியில், மாட்டின் பக்கத்தில், கல்லில் படாமல் பதமாக வைத்தாள். ஒரு கணம் கண்மூடி நின்றுவிட்டுத் திரும்பினாள்.

"தண்ணி தெளிக்காமத்தாம்மா எடுத்தேன்" என்றாள். "எங்கம்மா மாரம்மா தட்டுக்கு நீங்க தெளிச்சப்பல்லாம், நானும் அவ சேலையப் புடிச்சிக்கிட்டு வரப்புலதான் நின்னிருந்தேன்."